ஏழு நாளுக்கு மேல் இருக்காது

ரியாசுதீனை யாராவது புகழ ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். ‘தங்கமான பையன்’ என்பார்கள். நாற்பதை நெருங்கியவன் பையனாம். வாய் பேசத் தெரியாதவனையெல்லாம் இந்த ஊரில் தங்கம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அவனோடு ஒரே கட்டடத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவள். அவனுக்குக் கோபம் வரும், பயம் வரும், சோம்பலும் வரும். அவன் செய்த ஒரு தப்பையும், அதற்குப் பிறகு அவன் பட்ட பாட்டையும் கூட இருந்து பார்த்தவள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் அத்தா அப்துல் ஜலீலுக்குக் கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி என்று மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் எல்லாரும் அங்கேதான் வாங்குவார்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்குட்டி ரியாசுதீன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய், ஒரு கம்பெனியின் சர்வர்களைக் காவல் காக்கும் வேலையில் இருந்தான். அத்தா கை கால் விழுந்து படுத்ததும் ஊருக்கு வந்தான். பிறகு அஸ்ரினோடு நிக்காஹ் ஆனது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, சென்னை அப்படியே விட்டுப்போயிற்று. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டான்.

அந்தக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு இருந்தது. அங்கே கணக்குப் பார்க்கிற செந்தமிழ்ச்செல்விதான் நான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் சிற்றூர்களுக்காக நாங்கள் ஒரு ஜீப் வைத்திருந்தோம். பிரசவ வலி, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுந்தது என்று எதுவானாலும் ஓடும். அடிவாரத்திலிருந்து ஒரு வண்டி வளைவுகளைக் கடந்து மேலே ஏறி வருவதற்குள் உயிர் போய்விடும் என்பதால், மலை மேலேயே ஒரு ஜீப் எந்நேரமும் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஓட்டுநர் இளமாறன் வெள்ளிமலையிலேயே குடியிருந்தான்.

ஜீப்பைக் கூப்பிடும் வழியை ரியாசுதீன்தான் செய்து கொடுத்தான். ஒரு நம்பர். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். கீழே அவன் கடையின் மூலையில் இருக்கும் சர்வர் அதைப் பிடித்துக்கொண்டு உடனே திருப்பிக் கூப்பிடும். ‘வண்டி வேண்டும் என்றால் ஒன்றை அழுத்துங்கள்’ என்று சொல்லும். அழுத்தினால் இளமாறன் போனில் மணி அடிக்கும். எந்த நம்பர், எந்த ஊர் என்று தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பயன்படுத்தலாம்.

இதைச் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகக் கூட்டம் போட்டோம். மேடைக் கூச்சக்காரனான ரியாசுதீன் அங்கே மட்டும் நன்றாகப் பேசினான். மலையில் டவர் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாறை, ஒரு மேடு, ஒரு வளைவு உண்டு. அங்கே போய் நின்றால்தான் போன் பேசும். அதனால் அவன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“மிஸ்டு கால் குடுத்துட்டு நகரக் கூடாது. நகந்தா டவர் போயிடும், நாங்க கூப்புட்றது உங்களுக்கு வராது. எங்க மிஷின் கண்டிப்பா கூப்புடும். அது கூப்புட்ற வரிக்கும் அங்கியே நில்லுங்க.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் பெரியநாயகி என்பவளும் இருந்தாளா என்று பிற்பாடு நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

மலைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நாங்கள் நினைக்காத ஒரு பயனை அந்த நம்பருக்குக் கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் போன் போடப் பாறைக்கு ஏறியவுடன், டவர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். மிஷின் திருப்பிக் கூப்பிட்டால் டவர் இருக்கிறது என்று அர்த்தம். குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். மழை மேகம் இறங்கிய நாட்களில் ஒரே ஆள் பத்து முறை கொடுப்பான். ரியாசுதீன் இதைக் கண்டுபிடித்து என்னிடம் சொல்லிச் சிரித்தான். “அக்கா, மலையில பாதிப் பேருக்கு நம்ம மிஷின்தான் டவர் பாக்குது” என்றான். அவனுக்கு அதில் பெருமை. யாரையும் தடுக்கவில்லை.

இங்கே லாக் என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். சர்வர், தான் செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். எந்த நம்பர் கூப்பிட்டது, எப்போது, திருப்பிக் கூப்பிட்டதா, ஒன்றை அழுத்தினார்களா, இளமாறனுக்குச் சொன்னதா என்று வரி வரியாக எழுதும். ஏதாவது கோளாறு வந்தால் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆனால் அந்த ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். விட்டுவிட்டால் டிஸ்க் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்காக லினக்ஸ் மிஷின்களில் லாக்கைச் சுழற்றிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. தினமும் விடியற்காலையில் அது நேற்றைய ஃபைலுக்கு ஒன்று என்று பெயர் வைத்து ஒதுக்கும். முன்பு ஒன்றாக இருந்தது இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நாம் சொல்லி வைத்த எண்ணைத் தாண்டியதை யாரையும் கேட்காமல் அழித்துவிடும்.

மிஷினோடு வந்த லாக்குகளுக்கெல்லாம் இது தானாக நடந்துகொண்டிருந்தது. ரியாசுதீன் சொந்தமாக எழுதிய மிஸ்டு கால் புரோகிராமின் லாக் தனி இடத்தில் இருந்தது. அதற்கு நாலைந்து வரி தனியாக எழுதி வைக்க வேண்டும். அவன் எழுதவில்லை. எல்லாவற்றோடும் அதுவும் சுழன்றுகொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டான். போதாததற்கு, போன மழைக்காலத்தில் வந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் விலாவாரியாக எழுது என்று மிஷினுக்குச் சொல்லியிருந்தான். கோளாறு தீர்ந்த பிறகு அந்த உத்தரவை எடுக்க மறந்துபோனான். டவர் பார்க்கிறவர்களின் மிஸ்டு கால் ஒவ்வொன்றுக்கும் மிஷின் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது.

போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலை, அவன் கடை ஷட்டரைத் தூக்கியவுடன் ‘அய்யோ’ என்று சொன்னது மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. டிஸ்க்கில் இம்மியும் இடமில்லை. எழுத இடமில்லாததால் புரோகிராம் நின்றுபோயிருந்தது. லாக்கின் கடைசி வரி முந்தின நாள் மத்தியானத்தோடு முடிந்திருந்தது. மத்தியானத்திலிருந்து அந்தக் காலை வரை எங்கள் நம்பருக்கு யார் மிஸ்டு கால் கொடுத்திருந்தாலும் அது கிணற்றில் போட்ட கல்தான்.

உடனே இளமாறனைக் கூப்பிட்டான்.

“நேத்து சாயங்காலம் ஏதாச்சும் வந்துச்சா இளமாறா?”

“ஒண்ணும் இல்லண்ணே. நேத்து ஒரு சவாரிகூட இல்ல. நல்லா தூங்கிக்கினு இருந்தேன்.”

ரியாசுதீன் பெருமூச்சு விட்டான். நானும்தான். அந்தப் பெரிய ஃபைலைக் காலி செய்து மிஷினை எழுப்பினான். பிறகு உட்கார்ந்து, முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அந்த நாலைந்து வரிகளை எழுதினான். தினமும் சுழற்று. பழையதைச் சுருக்கி வை. பெயர் மாற்றிய பிறகு புரோகிராமைத் தட்டிப் புது ஃபைலைத் திறக்கச் சொல், இல்லாவிட்டால் அது பழையதிலேயே எழுதிக்கொண்டிருக்கும். எதையும் அழிக்காமல் வெறும் ஒத்திகை மட்டும் பார்க்கும் வழி ஒன்று உண்டாம். அதையும் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டான். எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்ற இடம் வந்தபோது என்னிடம் கேட்டான்.

“ஏழு நாள் போதும்லக்கா? புகார் ஏதாச்சும் இருந்தா ஒரு வாரத்துக்குள்ள வந்துடும்.”

“தாராளமா போதும்” என்றேன். என்னைக் கேட்டால் மூன்று நாளே அதிகம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். எனக்கென்ன தெரியும்.

அந்த வாரக் கடைசியில் மலையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த பெரியநாயகி என்ற பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்து, மலைப்பாதையிலேயே செத்துப்போனாளாம். புருஷன் சடையன் ஜீப்பைக் கூப்பிடப் பாறைக்கு ஓடினவன், அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். தேடிப் போனவர்களுக்கு அவன் வாயில் சாராய வாடை அடித்ததாம். பிறகு ஊர்க்காரர்கள் அவளைத் தூளி கட்டித் தார் ரோட்டுக்குத் தூக்கி வந்து பால் வண்டியில் ஏற்றியபோது நேரம் கடந்துவிட்டதாம். ‘இவனெல்லாம் ஒரு புருஷன்’ என்று நானும் சொன்னேன். ரியாசுதீன் கீழே ஒரு பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். எந்த நாள் நடந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மேலும் சில நாள் கழித்து, மழை விட்ட ஒரு காலையில், தலையை மொட்டை அடித்த பெரியவர் ஒருவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ரியாசுதீன் செருப்போடு உள்ளே வரச் சொல்லியும் கேட்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். பதினாறு நாள் முடியும்வரை துக்க வீட்டு ஆம்பளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். நான் அப்போது கீழேதான் இருந்தேன்.

“சார், நான் சடையன். நீங்க எங்க ஊர்ல வந்து பேசுனீங்களே. அன்னைக்கு சாயங்காலம் நான் போன் போட்டேன் சார். உங்க மிஷின்ல அது இருக்கும்னு பசங்க சொல்றானுங்க. யாரு கூப்ட்டாலும் எழுதி வெச்சிக்குமாம். அதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்.”

“எதுக்குங்க அய்யா?”

“எம் பொண்ணு கண்ணகி என்னாண்ட பேசறதில்ல சார். நான் போனே போடல, குடிச்சிட்டு உக்காந்துக்கினு இருந்தேன்னு நெனச்சிக்கினு இருக்குது. மத்தியானம் ரவ சாராயம் குடிச்சேன் சார், இல்லன்னு சொல்லல. ஆனா போன் போட்டேன். போட்டுக்கினே இருந்தேன். நகராம நில்லுன்னு நீங்கதான சொன்னீங்க. நின்னேன் சார். காலு கடுத்துப் போயிதான் கடைசில உக்காந்தேன். நீங்க ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா எம் பொண்ணு நம்பும்.”

ரியாசுதீன் சர்வர் முன்னால் உட்கார்ந்தான். எந்த நாள் என்று கேட்டான். பெரியவர் கிழமையைச் சொன்னார், அமாவாசைக்கு எத்தனை நாள் முன்பு என்று சொன்னார். அது மிஷின் நின்றுபோன நாள். அவன் முதுகு அப்படியே விறைத்ததை நான் பார்த்தேன். திரையில் அந்த ஃபைல்கள் வரிசையாக நின்றன. ஏழாவதுக்கு அப்பால் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சாயங்காலத்துக்கு அதில் ஒரு வரியும் இருந்திருக்காது என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

“ஏழு நாளுக்கு மேல இருக்காதுங்க அய்யா. தானா அழிஞ்சிடும்” என்றான்.

அது பொய்யில்லை. ஆனால் சொல்ல வேண்டியது அதுவுமில்லை. அந்த இடத்தில் அவன் பயந்துவிட்டான்.

பெரியவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “கருமாதி முடியாம வர முடியாதுங்க சார். இல்லன்னா அன்னைக்கே வந்திருப்பேன்” என்றார், தன் மேல்தான் தப்பு என்பதுபோல. அவர் போன் எங்கே என்று நான் கேட்டேன். அது கண்ணகியிடம் இருக்கிறதாம். அதிலேயே பார்க்கலாமே என்றதற்கு, “அதுல இல்லன்னுதான் பொண்ணு என்னைத் திட்டுச்சு” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். கடையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றுகூட நாங்கள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரியாசுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. அஸ்ரின் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பிப் போனது. ஒருநாள் அவளே வந்து, “இவருக்கு இன்னாக்கா ஆச்சு, புள்ளைகூடப் பேச மாட்டேங்கிறாரு” என்று என்னைக் கேட்டாள். நான் எங்கள் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பாம்பு கடித்தது மிஷினால் அல்ல, இதை வெளியே சொன்னால் நாளைக்கு ஒருத்தரும் அந்த நம்பரை நம்ப மாட்டார்கள், இனிமேல் சாகப்போகிறவர்களுக்கும் ஜீப் போகாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் வேறு வழி பார்த்தேன். ரியாசுதீனிடம் போய் மெல்லச் சொன்னேன்.

“ஒரு வரி எழுதி அச்செடுத்துக் குடுத்துடு. இந்த நம்பர்லேர்ந்து கூப்ட்டாங்கன்னு. யாரு வந்து பாக்கப் போறாங்க? பெரியவரு பொண்ணுகூட ஒண்ணாச் சேருவாரு.”

அவன் என்னை முறைக்கவில்லை. நானே அசந்துபோகும்படி, ஒரு ஃபைலைத் திறந்து எழுதவும் தொடங்கினான். தேதியை அடித்தான். பிறகு கை நின்றது.

“மணி இன்னான்னு போடறதுக்கா?”

“உத்தேசமா போடு.”

“எத்தினி தபா கூப்ட்டாருன்னு போடறது?”

திரையை விட்டு என் பக்கம் திரும்பினான்.

“அந்த வரிய எழுதினா அடுத்த வரியும் எழுதணும்கா. திருப்பிக் கூப்டலன்னு. வண்டிக்குச் சொல்லலன்னு. அவரு கூப்ட்டாருன்னு மட்டும் எழுதிட்டு நான் எங்க போயி ஒளியறது? அதுவுமில்லாம, அவரு நெஜமாவே கூப்ட்டாரான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கறதுக்கு இருந்த ஒரே எடத்தையும் நானே இல்லாம பண்ணிட்டேன்.”

எழுதியதை அழித்தான். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுழற்சிக்கு எழுதி வைத்த அந்த வரிகளைத் திறந்து ஏழு என்றிருந்ததை எடுத்துவிட்டு ஒரு வருஷம் வருகிற மாதிரி மாற்றினான். டிஸ்க் முக்கால்வாசி நிறைந்தாலே தன் போனுக்கும் இளமாறன் போனுக்கும் மணி அடிக்கும்படி ஒன்றைச் செய்தான். இவ்வளவு நாள் எதற்கு என்றேன்.

“துக்க வூட்டுக்காரங்க எப்ப எறங்கி வருவாங்கன்னு நமக்கு இன்னாக்கா தெரியும்” என்றான். பிறகு மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. நாற்பதை எட்டப்போகிற ஆம்பளை அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவன் கடையைத் திறக்கவில்லை. மலை பஸ் நிற்கும் இடத்தில் நிற்கிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் லீவு எழுதிக் கொடுக்காமலேயே ஓடிப்போய் அதே பஸ்ஸில் ஏறினேன். செயலாளர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இருந்தது. வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் அவன் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பெரியநாயகி இந்த வளைவுகளில் ஏதோ ஒன்றில்தான் போய்ச் சேர்ந்தாள்.

வெள்ளிமலையில் இறங்கினோம். இளமாறன் ஜீப்பில் எங்களை அந்த ஊர்வரை கொண்டுபோய் விட்டான். விஷயம் தெரிந்ததிலிருந்து அவனும் சரியில்லை. “நல்லா தூங்கிக்கினு இருந்தேன்னு சொன்னேனேண்ணே” என்று வழியில் ஒருமுறை சொன்னான்.

ஊருக்கு மேலே அந்தப் பாறை தெரிந்தது. பெரிய பாறை இல்லை. நாலு பேர் நிற்கலாம். பக்கத்தில் ஒரு கடுக்காய் மரம். அங்கே நின்று பார்த்தால் தார் ரோடு தெரியும், அதில் போகிற வண்டிகள் தெரியும். பாறையிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒற்றையடிப் பாதை ஒன்றும் இருந்தது. நகராமல் நில் என்று நாங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அதில் இறங்கி ஓடி ஏதாவது ஒரு வண்டியை மறித்திருப்பார். ரியாசுதீனும் அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

சடையன் வீட்டில் இல்லை, கொல்லைக்குப் போயிருந்தார். கண்ணகி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கப் போகிற பெண். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்குக் கடிபட்ட அன்று அவள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது ஊரே தூளியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்திருக்கிறது. நாங்கள் யார் என்று தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“எங்கப்பா அனுப்புனாரா?”

“இல்லம்மா. நானாத்தான் வந்தேன்.” ரியாசுதீன் உட்காரவில்லை. “அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து எங்க மிஷின் நின்னு கெடந்துச்சும்மா. எழுத எடமில்லாம நின்னு போச்சு. நான் கவனிச்சிருக்கணும். யாரு கூப்ட்டிருந்தாலும் அதுக்குத் தெரிஞ்சிருக்காது. திருப்பிக் கூப்ட்டிருக்காது. மறுநா காலைலதான் நான் பாத்தேன். உங்கப்பா கடைக்கு வந்தப்ப இத சொல்லாம அனுப்பிட்டேன். தப்பு என்னுது.”

அவள் அவனையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப எங்கப்பா போன் போட்டாரா?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா இன்னாத்துக்குண்ணா மலையேறி வந்த?”

அவள் அப்பாவின் போனைப் பார்க்கலாமா என்று ரியாசுதீன் கேட்டான். அவள் உள்ளே போய் நெல் டிரம் மேலிருந்த பட்டன் போனை எடுத்துவந்து கொடுத்தாள். “நான்தான் பாத்துட்டேனே. உங்க நம்பரே அதுல இல்ல” என்றாள்.

அவன், அந்தப் போனிலிருந்து கூப்பிட்ட நம்பர்களின் வரிசையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான்.

“இது யாரும்மா?”

“கரியாலூர் அத்தை.”

“இது?”

“சின்னசேலத்து மாமா.”

“இது?”

“எங்கம்மாகூடப் பொறந்த பெரியம்மா. எல்லாம் நான் போட்டதுதாண்ணா. அன்னைக்கு ராத்திரி பாறைக்கு ஏறி, சாவு சேதி சொன்னேன். ஒவ்வொருத்தருக்கா சொன்னேன். என் போன்ல சார்ஜ் இல்ல, அதனால இதுல போட்டேன்.”

ரியாசுதீன் வரிசையின் அடிவரை போனான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“இந்தப் போன்ல இருபது நம்பர்தான் நிக்கும்மா” என்றான், யாரையோ தூக்கத்தில் எழுப்புகிறவன் மாதிரி மெதுவாக. “புதுசா ஒண்ணு போட்டா அடியில இருக்கறது ஒண்ணு போயிடும்.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. போனை வாங்கி, தானே மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அத்தை, மாமா, பெரியம்மா. விரல் வேகமாகப் போய், பிறகு நின்றது. சாமைக் குவியல் பக்கத்தில் அப்படியே குத்த வைத்து உட்கார்ந்தாள். “நானேவா” என்றாள். “நானேவா தள்ளிட்டேன்.” நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது.

களைக்கொட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சடையன் வந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மகள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல், வாசலுக்கு ஓரமாக, வேற்று ஆள் வீட்டுக்கு வந்தவர்போல நின்றார். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. அது நரைத்திருந்தது.

“சார், வந்துட்டீங்களா. மிஷின்ல ஏதாச்சும் கெடச்சுதுங்களா?” என்றார். ரியாசுதீன் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே பேசினார். “கெடைக்கலன்னாலும் பரவால்ல சார். எனக்கே இப்பல்லாம் சந்தேகம் வருது. அன்னைக்குக் கை நடுங்கிச்சு. கண்ணுல தண்ணி. நம்பர மாத்தி அமுக்கிட்டனோ இன்னாவோ. அதான் நீங்க திருப்பிக் கூப்டலியோ. பொண்ணு சொல்றாப்ல நான்தான் கொன்னுட்டனோ இன்னாவோன்னு நெனச்சிக்கினே இருக்கேன்.”

கண்ணகி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அம்மா போனதிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

“இருந்துச்சுப்பா” என்றாள். “மிஷின்ல இருந்துச்சாம். அத சொல்லத்தான் இந்த அண்ணன் வந்திருக்குது. நீ போட்டது சரியான நம்பர்தான். இவங்க மிஷின்தான் கெட்டுக் கெடந்துச்சு.”

சடையன் மகளைப் பார்த்தார். பிறகு ரியாசுதீனைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“எத்தினி தபா சார் இருந்துச்சு?”

ஒரு பொய் வரியைத் தன் மிஷினில் எழுத மனம் வராமல் அழித்தவன் ரியாசுதீன். அவன் தரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்.

“நெறைய தபாங்க அய்யா. வுடாம போட்டுக்கினே இருந்திருக்கீங்க.”

“ஆமா சார். வுடாமதான் போட்டேன்” என்று சொன்ன சடையன், களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.